பத்தேகாலுக்குக் கிளம்பிய பால்வாடி

எங்கள் ஊர் பால்வாடி முதன்முதலாக ஊரை விட்டுக் கிளம்பிப் போனது ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. மழை விட்டு, வேப்பமரம் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே ரேஷன் கடையில் நான் துவரம்பருப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆகவே கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கட்டடம் நிதானமாகத்தான் போனது, யாரையும் இடிக்கவில்லை, கோயில் வளைவில் ஹாரன் கூட அடித்தது.

எங்கள் மொட்டையாண்டி வலசுக்கு பஸ் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓடைப் பாலம் உடைந்தபோது மினி பஸ் நின்றது. பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள், மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள், பஸ்ஸை மட்டும் மறந்துவிட்டார்கள். மெயின் ரோட்டுக் கைகாட்டி வரைக்கும் நாலு கிலோமீட்டர் நடந்து போய்த்தான் நாங்கள் பஸ் ஏற வேண்டும். நடந்து நடந்து எங்கள் ஊர்க்காரர்களின் கெண்டைக்காலே தனியாகத் தெரியும். கைகாட்டி டீக்கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே "வலசுங்களா" என்று கேட்பார். இந்த ஏழு வருஷமும் "அடுத்த மாசம் பஸ் விடறாங்களாம்" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம், சொல்கிறவருக்கும் நம்பிக்கை இல்லை, கேட்கிறவருக்கும் இல்லை.

பால்வாடியை நடத்துவது ருக்குமணி டீச்சர். பதினெட்டு வருஷமாக அந்த ஒற்றை அறையில் ஒன்பதரை மணிக்கு "அ, அம்மா" என்று ஆரம்பித்து, பின்னாலிருக்கும் சமையல் கொட்டகையில் ஆயம்மா முட்டைச் சாதத்தை இறக்கும் வரைக்கும் ஓயாமல் கத்துவார். அவர் சொல்ல, குழந்தைகள் திரும்பச் சொல்ல, என் கடையில் எடைக்கல்லுக்குக் கூட அது மனப்பாடம். அந்த வாரம் டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனவே அந்த வியாழக்கிழமை அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார், குழந்தைகள் பதினொரு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள், அது திறக்காது என்று தெரிந்ததும் நாலரை வயது லோகித் எழுந்துபோய் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாக வரிசை போட்டான்.

"இது பஸ்ஸாம். நான் டிரைவராம்" என்றான்.

"நான் கண்டக்டராம்" என்றாள் தன்யஸ்ரீ. அவளுக்கு ஐந்து வயது, வாய்க்குப் பத்து வயது. "வேப்பிலைதான் டிக்கெட்டாம். டிக்கெட் இல்லாதவங்கள எறக்கி விட்டுருவனாம்."

நாற்காலி பத்துதான் இருந்தது, குழந்தைகள் பதினொன்று. மிச்சம் நின்றது பிரகதி. அவளுக்கு மூன்றே முக்கால் வயது, அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும், சொன்னதைச் செய்வாள், சிரிப்பாள், பேச்சு மட்டும் வரவில்லை. எந்த விளையாட்டிலும் அவள் ஒப்புக்குச் சப்பாணிதான்: ஆட்டத்தில் உண்டு, கணக்கில் இல்லை. தன்யஸ்ரீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ எக்ஸ்ட்ரா டயராம், பின்னாடி உக்காந்துக்கோ" என்றாள். பிரகதி கடைசி நாற்காலிக்குப் பின்னால் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, முடிந்த அளவுக்கு உருண்டையாக உட்கார்ந்துகொண்டாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். "ஆம்" என்பதைப் பெரியவர்கள் நாங்களும் சொல்கிறோம். கலெக்டர் வர்றாராம், அவளுக்கு எல்லாம் தெரியுமாம், அடுத்த மாசம் பஸ்ஸாம். எங்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு 'எனக்குச் சம்பந்தமில்லை, எவனோ சொன்னான்' என்று அர்த்தம். குழந்தைகள் அதே சொல்லை வைத்துக்கொண்டு, இது வீடாம், இது சோறாம், நீ ராசாவாம் என்று ஒன்றை உண்டாக்கிவிட்டு, உடனே அதற்குள் குடியேறிவிடுகிறார்கள். எத்தனையோ காலமாக எல்லா ஊரிலும் நடக்கிற காரியம்தான். அன்றைக்கு எங்கள் ஊரில், குறுக்கே பேச யாரும் இல்லாததால், சொன்னது முழுசாக நடந்துவிட்டது.

கட்டடம் ஒரு குலுங்கு குலுங்கியது. ஜன்னல் வழியே பத்துத் தலைகள் தெரிந்தன. மேல்சுவரில் வரைந்திருந்த கிளியும் அ ஆ இ ஈயும் மெல்ல நகர்ந்தன, வேப்பமரம் ஒரு கிளையைத் தூக்கி வழிவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆறுச்சாமி அண்ணன் பழக்கத்தில் கையைக் காட்டினார், வண்டி நிற்கவில்லை. பால்வாடி இருந்த இடத்தில் சதுரமாக, காய்ந்த மண் மட்டும் கிடந்தது, அதில் எறும்புகள் எப்போதும்போலப் போய்க்கொண்டிருந்தன. நான் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது, பருப்பு மூட்டை பாதி கொட்டிப்போயிருந்தது.

பன்னிரண்டேகாலுக்குத் திரும்பி வந்தது. பழைய இடத்திலேயே, கிழக்கே ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது. வாசற்படியெல்லாம் ஈரம், மூலையில் மணல். குழந்தைகள் இறங்கி வரிசையாகத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"எங்கடா போனீங்க?" என்றேன்.

"கடலுக்கு" என்றான் லோகித், முட்டையை உரித்தபடி. கடல் எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பிரயாணம்.

தாய்மார்கள் ஓடிவந்து முதலில் கேட்டது, செருப்புப் போட்டுக்கொண்டு போனீர்களா என்றுதான். அடுத்தது, துணியை ஏன் நனைத்தாய். இரண்டு நாள் ஊர் இப்படியே கத்தியது, மூன்றாம் நாள் பத்து மணிக்கே மாற்றுத்துணி கொடுத்துவிட ஆரம்பித்தார்கள். மனுஷன் எதற்கும் பழகுவான், எங்கள் ஊர்க்காரன் கொஞ்சம் சீக்கிரம் பழகுவான். ஒரு வாரத்தில் பத்தேகாலை வைத்து அடுப்பில் உலை வைத்தார்கள். ஒரு நாள் ஆய்வுக்கு வந்த மேற்பார்வை அம்மா வெறும் சதுரத்தைப் பார்த்துவிட்டு, என் கடையில் ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருந்து, பதிவேட்டில் 'குழந்தைகள் வருகை பதினொன்று, மையம் தாமதமாக வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பெரியவர்களும் ஏறலாம், ஒரே ஒரு நிபந்தனை. வாசலில் தன்யஸ்ரீ நின்று "நீங்க யாராம்?" என்று கேட்பாள், அல்லது அவளே சொல்லிவிடுவாள்; சொன்னதாகவே திரும்பி வரும்வரை இருக்க வேண்டும். வார்டு மெம்பர் "நான் மெம்பர் கண்ணு" என்றார், டிக்கெட் தரவில்லை. ஆறுச்சாமி அண்ணன் ஆடாகப் போனார். போய்வந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "தண்ணி அத்தன இருக்குது மாப்ள. ஆட்டுக்கு அங்க என்ன வேலை, ஒரு நக்கு நக்கிப் பாத்தேன். உப்பு. அப்பவே அழுகை வந்துருச்சு."

என்னைப் பார்த்த தன்யஸ்ரீ, "நீங்க சைடு கண்ணாடியாம்" என்றாள். ஆகவே நான் டிரைவருக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், பின்பக்கம் பார்த்து நின்றபடி போனேன். எனக்கு எதிரே வருவது எதுவும் தெரியாது, கடந்து போனது மட்டும்தான் தெரியும். முருங்கைக் காடு போனது, கைகாட்டி போனது, ஊர் ஊராகப் போனது, வயல் நடுவே நாரைகள் ஒரு காலில் நின்றபடியே போயின, ஒரு மழைக்குள் நுழைந்து அதன் முதுகைப் பார்த்தேன், அதன் முதுகில் வெயில் அடித்தது. யாரோ "மீனுங்க ஏறுதாம்" என்றார்கள், நாற்காலிகளுக்கு நடுவே வெள்ளி வெள்ளியாக மீன்கள் போய் உட்கார்ந்தன, தன்யஸ்ரீ எல்லாவற்றுக்கும் டிக்கெட் கிழித்தாள், எண்ணி எண்ணித்தான் கிழித்தாள், நாற்பத்தொன்று வரை எண்ணினாள். அவளுக்கு யாரும் இருபதுக்கு மேல் சொல்லித் தந்ததில்லை. தொண்டை சரியாகிவிட்ட டீச்சர் அப்போதும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருஷம் கத்தியவர் இப்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். யாராவது ஒன்றைச் சொல்லி நிறுத்தினால், அந்த முகத்தையே பார்த்து, "அப்புறம்?" என்பார். கடல் எனக்குப் பின்பக்கமாகத்தான் வந்தது, அதாவது கடலை விட்டுக் கிளம்பும்போதுதான் அதைப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் முதல்முறை. அவ்வளவு பெரியது அவ்வளவு நேரமாக என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. கண்ணாடி அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிரகதியின் அம்மா நாகமணி மட்டும் ஒரு நாளும் ஏறவில்லை. அவள் பனியன் கம்பெனிக்குப் போகிறவள். விடியற்காலையில் கம்பெனி வேன் கைகாட்டிக்கு வந்துவிடும், அதற்காக அவள் கிளம்பும்போது பிரகதி சேலையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழும். "பாப்பா அழுவாத, அம்மா வந்துருவேன்" என்று தினமும் அதே வார்த்தைகளைச் சொல்லி விரலைப் பிரித்துவிட்டுப் போவாள். பிள்ளை பேசாததை ஊர் மறந்தாலும் அவளால் மறக்க முடியுமா. புருஷன் வீட்டார் இவளைத்தான் குறை சொன்னார்கள். டவுனில் ஒரு இங்கிலீஷ் நர்சரியில் இடம் இருந்தது. சேர்க்க வேண்டுமென்றால் ஒரு திங்கட்கிழமை காலை நேரில் வர வேண்டும், குழந்தை தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம்.

ஒரு சாயங்காலம் டீச்சரைப் பார்க்க வந்தாள். "ஏனுங்க டீச்சர், நானும் பாக்கறேன், தினமும் கடலுக்குப் போறாங்க, வர்றாங்க. மத்தவிங்க புள்ளைங்களுக்குப் பரவாயில்லைங்க, வாய் இருக்குது. என்ற புள்ளைக்கு ஒரு எழுத்தாச்சும் சொல்லித் தரக் கூடாதுங்களா? டயரா உக்காந்திருந்தாப் பேச்சு வந்துருமா?"

"எனக்குத் தெரியல நாகமணி" என்றார் டீச்சர். "ஆனா நான் கத்துனப்ப அவ என் வாயைத்தான் பாத்துட்டிருந்தா. இப்ப எல்லாத்தையும் பாக்கறா."

"பாத்தாப் போதுங்களா?" என்றாள் நாகமணி.

அந்த வாரம்தான் நாங்கள் புத்திசாலிகள் ஆனோம். வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டு, ஊருக்கு ஒரு பஸ் கிடைத்திருக்கிறது, அதைக் கடலுக்கே விட்டுக்கொண்டிருந்தால் எப்படி என்று பேசினோம். கைகாட்டிக்குப் போகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், திங்கட்கிழமை நாகமணியையும் பிள்ளையையும் டவுனில் இறக்கி விடட்டும். லோகித்துக்கு அளவெடுத்துக் காக்கிச் சட்டை தைத்தார்கள், விசில் வாங்கினார்கள். ரூட் போர்டு எழுதியது நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள், பெருமையாக எழுதிக் கொடுத்தேன். அந்தப் போர்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு இருபத்திரண்டு பெரியவர்கள் அவரவர் பெயரோடும் பையோடும், டிக்கெட் கேட்காமலே ஏறி நாற்காலியிலும் தரையிலுமாக உட்கார்ந்தார்கள், குழந்தைகள் சுவரோரம் நின்றார்கள். காக்கிச் சட்டைக்குள் லோகித் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"எடு தம்பி, கைகாட்டிக்கு" என்றார் மெம்பர்.

லோகித் அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"ஆம் போட்டுச் சொல்லணுமுங்க" என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். "சரி, பஸ்ஸாம்" என்றார் மெம்பர், சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தோம். பஸ்ஸாம், கிளம்புதாம், கைகாட்டிக்குப் போகுதாம். ஏழு வருஷமாகச் சொல்லிப் பழகிய அதே வாய், அதே ராகம். கட்டடத்தின் கன்னி மூலையிலிருந்து உஸ் என்று ஒரு சத்தம் வந்தது, அந்த மூலை மெல்ல ஒரு முழம் கீழே இறங்கியது, மேலே கிளி சாய்ந்துகொண்டது.

"டயர் பஞ்சராம்" என்றான் லோகித். காக்கிச் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டு, வெளியே போய் மண்ணில் விளையாட ஆரம்பித்தான். மற்ற குழந்தைகளும் போய்விட்டார்கள்.

நாலு நாள் பால்வாடி சாய்ந்தே கிடந்தது. கைகாட்டியிலிருந்து மெக்கானிக் வந்து, சுவருக்கடியில் படுத்துப் பார்த்து, "இது நம்ம ஜாக்கிக்கு அடங்காதுங்க" என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னார். கொத்தனார் அஸ்திவாரம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நானே போர்டைக் கழற்றி எடுத்து வந்து கடைக்குள் திருப்பி வைத்தேன். அதற்கும் எழவில்லை.

திங்கட்கிழமை காலை நாகமணி வந்தாள். நல்ல சேலை, பிரகதிக்கு இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, கையில் நர்சரி அட்மிஷன் பாரம். பிறப்புச் சான்றிதழ் நகல் டீச்சரிடம் இருந்தது, அதை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கைகாட்டிக்கு நடக்க வேண்டும். டீச்சர் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். குழந்தைகள் சாய்ந்த தரையில் பந்தை உருட்டிவிட்டு, அது தானாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வா பாப்பா, நேரமாச்சு" என்றாள் நாகமணி.

பிரகதி வரவில்லை. அம்மாவின் விரலை விட்டுவிட்டு, இறங்கிக் கிடந்த கன்னி மூலைக்குப் போனாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, முதல் நாளிலிருந்து அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அதுதானே, அந்த மூலையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, உருண்டையாக ஆனாள்.

தன்யஸ்ரீ பந்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "லோகித்து, எக்ஸ்ட்ரா டயரு" என்றாள்.

பத்துக் குழந்தைகளும் ஓடிப்போய் அந்த மூலையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். நட்டு முடுக்குதாம், காத்து அடிக்குதாம். கட்டடம் முனகியது. நான் கடைப்படியில் நின்று பார்த்தேன், முழுசாகப் பார்த்தேன்: அந்த ஒன்றரை முழக் குழந்தையின் மேல் முழுக் கட்டடமும் ஏறி நின்று, ஜன்னலும் கிளியும் அ ஆவும் நேராகி, வாசற்படி நாகமணியின் முழங்கால் உயரத்துக்கு எழுந்தது. லோகித் நாற்காலிக்கு ஓடினான்.

நாகமணி வாசலைப் பிடித்துக்கொண்டாள். "என்ற புள்ளைய எறக்குங்க" என்றாள்.

"நீங்க யாராம்?" என்றாள் தன்யஸ்ரீ, வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு.

"நான் அம்மா கண்ணு. பிரகதியோட அம்மா."

தன்யஸ்ரீ தலையாட்டினாள், டிக்கெட் கிழிக்கவில்லை. மெம்பர் மெம்பராக ஏற முடியாத வண்டியில் அம்மா மட்டும் அம்மாவாக ஏற முடியுமா. வண்டி குலுங்கியது. நாகமணி இங்கும் அங்கும் பார்த்தாள், அவளுக்கு வேறு யாராக இருக்கத் தெரியும்? விடிந்தால் கம்பெனி, பொழுதடைந்தால் அடுப்பு. விளையாடி எத்தனை வருஷம் இருக்கும்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் அதுவரை கேட்டிராத குரல், கொஞ்சம் கரகரப்பாக, ரொம்ப நாள் திறக்காத கதவைத் திறந்ததைப் போல இருந்தது.

"அது என்ற பாப்பாவாம்" என்றாள் பிரகதி.

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் அவர் எழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, தரையிலிருந்தபடியே அந்த முகத்தைப் பார்த்து எப்போதும் கேட்பதையே மெதுவாகக் கேட்டார்.

"அப்புறம்?"

"பாப்பா அழுவுமாம்" என்றாள் பிரகதி, ஒவ்வொரு சொல்லாக, எடை போட்டு வைக்கிற மாதிரி. "நான் வேலைக்குப் போமாட்டனாம். கடலுக்குக் கூட்டிட்டுப் போவனாம்."

தன்யஸ்ரீ நாகமணியைப் பார்த்தாள். "பாப்பாங்களா நீங்க?"

நாகமணி பாரத்தையும் சான்றிதழையும் திரும்பிப் பாராமல் பின்னால் நீட்டினாள், நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். அவள் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"ஆமா" என்றாள்.

வேப்பிலை கிழிந்தது. எட்டிக் கை கொடுத்து அவளைத் தூக்கியது தன்யஸ்ரீதான். பத்தேகாலுக்கு வேப்பமரம் கிளையைத் தூக்கியது, கோயில் வளைவில் ஹாரன் கேட்டது, எறும்புகளோடு அந்தக் காய்ந்த சதுரம் என் கண் முன்னால் கிடந்தது. சத்தம் கேட்டு ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். மெம்பர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

பன்னிரண்டேகாலுக்குத் திரும்பி வந்தார்கள். நல்ல சேலை இடுப்பு வரைக்கும் நனைந்து, முடி கலைந்து, நாகமணி பிரகதியின் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் இறங்கி வந்தாள். நர்சரிக்குக் குறித்த நேரம் எப்போதோ போய்விட்டது. பாரம் இன்றைக்கும் என் கடை மேசை டிராயரில் இருக்கிறது, பெயர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல்.

அதற்குள் சேதி ஊர் முழுக்கப் போயிருந்தது. ஆறுச்சாமி அண்ணன்தான் முதலில் வந்து கேட்டார்: "ஏம்மிணி, உன்ற புள்ள பேசறாளாமே?"

"ஆமாங்க" என்றாள் நாகமணி. ஆயம்மா முட்டைச் சாதத்தை இறக்கிவிட்டார், தட்டுகள் வரிசையாக வந்தன. குழந்தைகளோடு குழந்தையாக அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிரகதி முட்டையைப் பிட்டு, ஊதி, சூடு போய்விட்டதா என்று தன் உதட்டில் வைத்துப் பார்த்தாள், நாகமணி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.